பழைய டர்போ காடி வச்சிருக்கவங்க வாங்க: உங்க பூஸ்ட் மீட்டர் என்ன காட்டுது?

செந்தூல்காரன்:
என்னோடது போர்ஷ 944 டர்போ, 1986 மாடல். பார்க்கப் போன அன்னைக்கு விற்கிறவர் டேஷ்போர்டுல இருக்க பூஸ்ட் மீட்டரை (டர்போ இன்ஜினுக்குள்ள அமுக்கற காத்தோட அழுத்தத்தை பார் கணக்குல காட்டுறது) விரலால தட்டி, "1.7 பார் ஏறும் தம்பி, நல்லா டியூன் பண்ண காடி"ன்னு ஒரே பெருமை. விலையும் அந்தப் பெருமைக்கு ஏத்த மாதிரிதான். ஸ்டார்ட் பண்ண வேணாம், சாவியை மட்டும் ஆன்ல வைங்கன்னேன். முள்ளு 1-ல போய் உட்கார்ந்துச்சு.

இன்ஜின் ஓடாதப்ப 1 காட்டுற மீட்டர், வெளிக்காத்தோட அழுத்தத்தையும் சேர்த்து எண்ணுதுன்னு அர்த்தம். 944-ல கம்பெனி மீட்டரே அப்படித்தான். 1.7-ல 1 கழிச்சா உண்மையான பூஸ்ட் 0.7 பார், ஏறக்குறைய 10 பிஎஸ்ஐ. கம்பெனி கொடுத்ததே 0.75 பக்கம். ஆக, யாரும் கை வைக்காத காடி. எனக்கு வேண்டியதும் அதுதான். அதை அவர்கிட்ட சொல்லுவேனா? "டியூன் பண்ண காடின்னா ரிஸ்க் ஆச்சே"ன்னு இழுத்து விலையைக் குறைச்சேன்.

வாங்கினப்புறம் கோம்பாக் டோல் தாண்டி கெந்திங் செம்பா ஏத்தத்துல மூணாவது கியர்ல அழுத்தினா, 1.7 தொட்டுட்டு முள்ளு மெல்ல இறங்குச்சு. முன்னால வச்சிருந்தவர் 95 ஆக்டேன் பெட்ரோல்தான் ஊத்துவாராம். இந்த இன்ஜின்ல நாக் சென்சார் இருக்கு, அதாவது பெட்ரோல் தாறுமாறா வெடிக்கற தட்டல் சத்தத்தைக் கேக்கறது. நாக் கேட்டா முதல்ல ஸ்பார்க் விழற நேரத்தைத் தள்ளிப்போடும், அப்பவும் அடங்கலன்னா பூஸ்டையே குறைச்சிடும். நாக்கைக் கூடுதலா தாங்கற 97 ஊத்தினதும் முள்ளு நின்ன இடத்துல நின்னுச்சு.

பட்டர்வொர்த்_ஸ்டார்லெட்:
அண்ணே, நம்மது டொயோட்டா ஈபி82 ஸ்டார்லெட் ஜிடி. இதுல ஹை, லோன்னு பூஸ்ட் சுவிட்சு கம்பெனியிலயே உண்டு. எதுல வச்சாலும் முள்ளு லோ அளவுலயே நிக்கும். டர்போ போச்சு, மாத்தணும்னு ஒரு வொர்க்‌ஷாப்புல சொல்லிட்டாங்க. வேற ஒரு போமன், அதான் மெக்கானிக்கிட்ட கொண்டு போனேன், வயசான சீனர், பேச்சு கம்மி. பானட்டைத் திறந்து சோலனாய்டுக்கு (கரண்ட்ல திறந்து மூடுற சின்ன வால்வு) போற ஹோஸை மடக்கிக் காட்டினார். மடிப்புல மெல்லிசா வெடிப்பு. அந்தப் பக்கம் பார்த்தா சோலனாய்டு வயர் பிளக்கும் லூஸ், லோலயே நின்னதுக்கு அதுதான் காரணம்.

வேஸ்ட்கேட்டுங்கறது டர்போவைச் சுத்தற புகையைத் திருப்பிவிட்டு பூஸ்டை அடக்கற கதவு. ஹை போட்டா அந்த சோலனாய்டு, வேஸ்ட்கேட்டுக்குப் போற காத்துல கொஞ்சத்தை வெளிய விடும். வேஸ்ட்கேட் லேட்டா திறக்கும், பூஸ்ட் கூடும். சோலனாய்டே வேலை செய்யலன்னா எப்பவும் லோதான். நம்ம ஊரு வெயில்ல, அதுவும் இன்ஜின் சூட்டுல, பழைய ரப்பர் ஹோஸு முறுக்கு மாதிரி ஆயிடுது. டர்போ விலை கேக்கறதுக்கு முன்னாடி பிளக்கைப் பாருங்க, ஹோஸையும் மடக்கிப் பாருங்க.

கிள்ளான்_எஸ்ஆர்:
தம்பி சொன்னது ஒரு பக்கம். என் பக்கம் நேர் எதிர். நிசானோட எஸ்ஆர்20டிஇடி டர்போ இன்ஜின், அரைவெட்டுல (பாதியா வெட்டி விக்கற பழைய காடி) வாங்கினது. ஹைவேல ஏறும்போது முள்ளு வழக்கமான இடத்துல நிக்காம மேல போய்க்கிட்டே இருந்துச்சு, திடீர்னு யாரோ பின்னாலேர்ந்து பிடிச்சு இழுத்த மாதிரி இன்ஜின் கட். கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திடுச்சு. நல்ல வேளை. வேஸ்ட்கேட்டைத் திறக்கற ஆக்சுவேட்டரோட ஹோஸு கழண்டு தொங்குது. அந்த ஹோஸ்ல அழுத்தம் போனாத்தானே வேஸ்ட்கேட் திறக்கும்? ஹோஸ் இல்லன்னா டர்போவுக்குக் கடிவாளமே இல்ல. முள்ளு கம்மியா காட்டினா காசுதான் போகும், கூட காட்டினா இன்ஜினே போயிடும்.

மீட்டர் எங்கேர்ந்து காத்து எடுக்குதுன்னும் பாருங்க. த்ராட்டிலுக்கு (எண்ணெய் மிதிச்சா திறக்கற காத்துக் கதவு) அப்புறம், காத்தை இன்ஜினுக்குப் பிரிச்சுக் கொடுக்கற மேனிஃபோல்டுலேர்ந்து எடுக்கணும். ஆக்சுவேட்டர் ஹோஸ்ல டீ (T மாதிரி மூணு வழி இணைப்பு) போடவே கூடாது. அங்க டீ லீக் ஆனா ஆக்சுவேட்டருக்கு அழுத்தம் குறையும், பூஸ்ட் ஏறிடும். சரியான இடத்துல மாட்டியிருந்தா ஐடில்ல (காடி நிக்கும்போது இன்ஜின் சும்மா ஓடறப்ப) முள்ளு நல்லா கீழ இறங்கும், சாதாரண மீட்டர்ல மைனஸ் 0.6, 0.7 பார் வரைக்கும். ஐடில்லயும் பூஜ்யத்துலயே நின்னா மாட்டின இடம் தப்பு.

இன்னொண்ணு, வொர்க்‌ஷாப் வாசல்ல நியூட்ரல்ல முறுக்கி பூஸ்ட் காட்டுறவங்களை நம்பாதீங்க. லோடு இல்லாம டர்போ ஒழுங்கா ஏறாது.

பாலிக்_புலாவ்:
மீட்டர் சரியா காட்டுது, இழுவைதான் இல்ல. காலையில பறக்குது, மத்தியானம் ஜார்ஜ் டவுன் டிராஃபிக்ல நின்னு கிளம்பினா மாடு மாதிரி வருது. பூஸ்ட் ரெண்டு நேரமும் அதே நம்பர்.

கிள்ளான்_எஸ்ஆர்:
டர்போலேர்ந்து வர்ற சூடான காத்தை ஆத்துற இன்டர்கூலர் சூடேறியிருக்கும். பூஸ்ட் நம்பர் அழுத்தம் மட்டும்தான் தம்பி, எவ்வளவு காத்து உள்ள போச்சுன்னு சொல்லாது. சூடான காத்து அதே அழுத்தத்துல லேசாத்தான் இருக்கும். ஃபின் நடுவுல பூச்சி, தூசி அடைச்சிருக்கான்னு பாரு.

செந்தூல்காரன்:
சொல்ல மறந்துட்டேன். கெந்திங் மலை மேல பார்க் பண்ணிட்டு சாவியை ஆன் பண்ணா, 944 மீட்டர் 1 காட்டாது, 0.8 பக்கம்தான் நிக்கும். மீட்டர் கெட்டுப்போகல. 1,700 மீட்டருக்கு மேல வெளிக்காத்தே அவ்வளவுதான். கடையில வாங்கி மாட்டுற சாதாரண மீட்டர் அங்கயும் பூஜ்யம்தான் காட்டும், ஏன்னா அது சுத்தியிருக்க காத்தோட ஒப்பிட்டுத்தான் கணக்கு போடுது.

பட்டர்வொர்த்_ஸ்டார்லெட்:
மீட்டரே பொய் சொல்லுதான்னு வீட்டுலயே பார்க்க வழி இருக்கா? என்னுது பழைய ஜப்பான் மீட்டர், கிலோ கணக்கு.

கிள்ளான்_எஸ்ஆர்:
கிலோவும் (சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ) பாரும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், 1 கிலோ 0.98 பார். வீட்டுல ரத்த அழுத்தம் பார்க்கற கைப்பம்பு இருக்கா, கடிகாரம் மாதிரி முள்ளு வச்சது? அதோட ரப்பர் குழாய்ல டீ போட்டு பூஸ்ட் மீட்டரையும் மாட்டு. கைப்பம்போட முள்ளு 300 தொடற வரைக்கும் அமுக்கினா 0.4 பார் காட்டணும். அதுக்கு மேல பார்க்க, டயர் பம்பும் நல்ல டயர் கேஜும் போதும். அம்மாவோட பம்பை எடுத்தா கழுவித் துடைச்சு திருப்பி வச்சிடு, என் வீட்டுல இன்னும் அதுக்குத் திட்டு விழுது.