புது மண்டபத்தில பேச்சு இரண்டு தரம் கேக்குது, என்ன செய்யலாம்?

குளக்கட்டடி:
கிளிநொச்சிப் பக்கம், எங்கட ஊருக்குப் புதுப் பொதுநோக்கு மண்டபம் வந்திருக்கு. 75 அடி நீளம், பூசின சுவர், கீழ ரைல்ஸ், மேல தகரம். மைக்கில கதைச்சா முன்வரிசைக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு தரம் கேக்குது. பின்வரிசையில அவ்வளவு இல்லை. வொலியூமைக் கூட்டினா இன்னும் மோசம். அம்பிளிபயர் பிழையோ? அடுத்த கிழமை பிள்ளையளின்ர பேச்சுப்போட்டி.

வயர்க்காரன்:
மிக்ஸரில எக்கோத் திருகி திறந்து கிடக்கும், பாருங்கோ.

குளக்கட்டடி:
பாத்தாச்சு அண்ணை. பூச்சியத்திலதான் நிக்குது.

பழைய வாத்தி:
தம்பி, செற்றை முழுசா நிப்பாட்டிப்போட்டு மேடையில நிண்டு ஒருக்காக் கையைத் தட்டும்.

குளக்கட்டடி:
தட்டினன் சேர். பின்னால ஆரோ திருப்பித் தட்டின மாதிரி இருக்கு!

பழைய வாத்தி:
அப்ப அம்பிளிபயரில பழியைப் போடாதையும். பின்சுவர்தான் ஆள். எங்கட வெக்கைக்குச் சத்தம் செக்கனுக்கு 350 மீற்றர் அளவில போகும். 75 அடி எண்டா 23 மீற்றர். போய்வர 46, அதுக்கு 0.13 செக்கன். 0.1 செக்கனுக்கு மேல பிந்தி வந்தாக் காது அதை வேற சத்தமாப் பிரிச்செடுக்கும். பின்வரிசைக்காரர் சுவருக்குப் பக்கத்தில இருக்கினம், நேர்ச்சத்தமும் திரும்பினதும் ஒண்டாப் போய்ச் சேருது. வொலியூமைக் கூட்டினாச் சுவரும் அதேயளவு கூட்டித்தான் தரும். யானைவெடி கொளுத்தேக்க அங்கால காட்டில பட்டு 2 செக்கனால சத்தம் வந்தா, காடு 350 மீற்றரில நிக்குது. அதே கணக்குத்தான்.

வயர்க்காரன்:
முட்டை மட்டை ஒட்டினா?

பழைய வாத்தி:
கீச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும், ஆம்பிளைக் குரலுக்கு உதவாது. தீப்பிடிச்சாலும் கஷ்டம். தடிப்பா, காத்துப் புகக்கூடிய சாமான் வேணும். 1895இல ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில வலஸ் சபைன் எண்டவர் ஒரு விரிவுரை மண்டபத்தின்ர முழக்கத்தை ஆராய, வேறொரு அரங்கின்ர கதிரை மெத்தையளை ராவோட ராவாக் காவிக்கொண்டு வந்து அடுக்கிப் பாத்தவர். நீரும் நாலு வீட்டில தும்பு மெத்தை இரவல் வாங்கிப் பின்சுவரில சாத்திப் பாரும். ஸ்பீக்கரை உயத்தி, முகத்தைச் சனத்தின்ர தலைக்கு நேர சரியும். மனிசரும் சத்தத்தைக் குடிப்பினம். வெறும் மண்டபத்தில கேட்டிட்டுப் பயப்பிடாதையும்.

குளக்கட்டடி:
ஒன்பது மெத்தை சாத்தினனாங்கள் சேர், இரண்டாம் குரல் நல்லாக் குறைஞ்சிட்டுது. ஆனா நடுவில நிண்டு தட்டினா "டிர்ர்ர்" எண்டுது.

பழைய வாத்தி:
அது பக்கச்சுவர் இரண்டும் நேருக்குநேர் நிண்டு பந்தடிக்கிறது. போட்டியண்டைக்குச் சன்னல் எல்லாத்தையும் திறந்து விடும். வெளிய போன சத்தம் திரும்பி வராது.

குளக்கட்டடி:
சரி சேர். மெத்தை தந்த ஆச்சி மட்டும் இண்டைக்கே திருப்பிக் கேக்கிறா.