ஆறு பக்கம் கடன்: எதை முதலில் அடைப்பது?

ஷிப்ட்_முடிஞ்சது (பாலக்கோடு)

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு வரவு மாசம் 31,500. ஓசூர் சிப்காட் சம்பளம் 24,500, பால் பணம் 7,000. வீட்டுச் செலவு 13,500. கடன் விவரம்:

தண்டல் 20,000. கைக்கு வந்தது 17,000, தினம் 200 ரூபாய், இன்னும் 45 நாள் இருக்கு.
கைக்கடன் 1 லட்சம், மூணு வட்டி. புரோநோட்டு எழுதிக் கொடுத்திருக்கு. மாசம் 3,000 வட்டி மட்டும் போகுது.
கிரெடிட் கார்டு நிலுவை 62,000. குறைந்தபட்சத் தொகை 3,100 மட்டும் கட்டுறேன்.
வீட்டுக்காரம்மா பேர்ல குழுக்கடன், மாசம் 2,300.
பைக் தவணை 3,150, இன்னும் 9 மாசம்.
பேங்க்ல நகைக்கடன் 1,80,000, ஒன்பதரை சதவீதம். வருஷக் கெடு முடிய 4 மாசம்.

இதுபோக 1 லட்ச ரூபாய் ஏலச்சீட்டு, 20 மாசம். 11 கட்டியாச்சு, இன்னும் எடுக்கல. மாசம் 5,000-ல ஏலத்துல தள்ளுற தொகையோட பங்கு, அதான் கழிவு, போக 4,300 கட்டுறேன். நகையை முதல்ல மீட்கணும்னு வீட்ல சொல்றாங்க. தண்டல்காரர் தினம் வாசல்ல நிக்கிறதால அதை முடிச்சா நிம்மதின்னு எனக்குத் தோணுது. எது சரி?

கணக்குப்புள்ள (தர்மபுரி)

ரெண்டும் இல்லைங்க. உங்க லிஸ்ட்ல மாசம் 21,850 வெளியே போகுது. கையில நிக்கிறது 18,000 தான். மாசாமாசம் 3,850 துண்டு விழுது. அந்தத் துண்டுதான் அடுத்த தண்டலா வந்து நிக்கும். அதனால முதல் வேலை துண்டை அடைக்கிறது.

தண்டலைப் பாருங்க. 17,000 வாங்கி 100 நாள்ல 20,000 கட்டுறது, மாசம் நூத்துக்கு 10 ரூபாய் வட்டி மாதிரி. உங்க கடன்லயே கொடூரமானது இதுதான். ஆனா அந்த 3,000 வட்டியை எடுக்கும்போதே பிடிச்சுட்டாங்க. இன்னிக்கே மீதி 9,000 கட்டினாலும் ஒரு ரூபாய் மிச்சம் ஆகாது, அவரா தள்ளுபடி கொடுத்தா ஒழிய. கேட்டுப் பாருங்க. இல்லைன்னா 45 நாள் ஓடட்டும். முடியிற அன்னிக்கு "புதுசு போட்டுடலாமா"ன்னு கேப்பாங்க. அங்கேதான் நிறைய பேர் மாட்டுறது.

பைக்கும் அப்படித்தான். தவணையோட கடைசிப் பகுதியில வட்டி கொஞ்சம், அசல்தான் அதிகம். முன்கூட்டி முடிச்சா அபராதம் வேற கேப்பாங்க. தொடாதீங்க.

இப்ப கார்டு. மாசம் மூன்றரை சதவீதம்னு வைங்க, வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தா 4.13. 62,000-க்கு மாசம் 2,560. நீங்க கட்டுற 3,100-ல அசல் குறையிறது 540 ரூபாய். நிலுவை இருக்கிற வரை புதுசா தேய்க்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் அன்னியிலிருந்தே வட்டி, வட்டியில்லாத அந்த 45 நாள் சலுகை கிடையாது.

என் யோசனை: வர்ற ஏலத்துல சீட்டை எடுங்க. 15,000 தள்ளி எடுத்தாலும் 85,000 வரும். கடைசி வரை காத்திருந்தா அந்த 15,000 மிச்சம், ஆனா அந்த 9 மாசத்துல கார்டு வட்டி மட்டும் 23,000. கார்டை முழுசா முடிச்சு, மீதியில 20,000 கைக்கடன் அசல்ல போடுங்க. கார்டு தவணை 3,100, கைக்கடன் வட்டியில 600, ஆக 3,700 மிச்சம். துண்டு 150 ரூபாயா சுருங்கிடும். 45 நாள் கழிச்சு தண்டலோட 6,000 விடுபட்டதும் மாசம் 5,850 உபரி. அதையும் கைக்கடன்லயே போட்டா, ஒன்பதாம் மாசம் பைக்கும் சீட்டும் முடிஞ்சு 7,450 சேருது, பன்னிரண்டாம் மாசத்தோட கைக்கடன் காலி.

ரெண்டு எச்சரிக்கை. சில உள்ளூர் சீட்டுல எடுத்தவங்களுக்குக் கழிவு கிடையாது, முழு 5,000 கட்டணும். ஜாமீனும் கேப்பாங்க. ஏலத்துக்கு முந்தியே கேட்டுக்கங்க. அடுத்தது, கார்டு பில் தேதிக்கும் நீங்க கட்டுற தேதிக்கும் இடைப்பட்ட நாளுக்கு அடுத்த பில்லுல சின்ன வட்டி வரும். "அதான் முடிச்சாச்சே"ன்னு விட்டா அதுவே மறுபடி குட்டி போடும்.

மாங்கொட்டை (கிருஷ்ணகிரி)

கணக்கு சரி, ஆனா நகைக் கெடுவை விட்டுட்டீங்களே. 1,80,000-க்கு ஒன்பதரை சதவீதம்னா வருஷ வட்டி 17,100. நாலு மாசத்துல அது வேணும். இல்லைன்னா ஏல நோட்டீஸ். அந்த 20,000-த்தைக் கைக்கடன்ல போடாம நகை வட்டிக்குன்னு தனியா எடுத்து வைக்கணும். துண்டு 750 ஆகும், ரெண்டு மாசம்தானே. சீட்டுப் பணத்துல மீதி இருக்கிற 3,000-த்தை அதுக்கு வைங்க.

நகையை மீட்கிறது கடைசி வேலை. உங்க கடன்லயே மலிவானது அதுதான். ஒன்பதரை சதவீதக் கடனை அடைச்சுட்டு 36 சதவீதக் கடனை வச்சிருக்கிறது, நல்ல மாட்டை வித்துட்டு மலட்டு மாட்டுக்குத் தீனி போடுற கணக்கு.

இன்னொன்னு. போன வருஷம் அடகு வச்சப்ப இருந்த தங்க விலையையும் இப்ப இருக்கிறதையும் பாருங்க. அதே நகைக்கு புதுப்பிக்கும்போது கூடுதல் தொகை கிடைக்க வாய்ப்பு இருக்கு. 2025 ஜூன்ல ரிசர்வ் வங்கி அறிவிச்ச உச்சவரம்பு: இரண்டரை லட்சம் வரை நகை மதிப்புல 85 சதவீதம், 5 லட்சம் வரை 80, அதுக்கு மேல 75. வருஷக் கடைசியில மொத்தமா கட்டுற கடனுக்கு வட்டியையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. கூடுதலா 1 லட்சம் கிடைச்சா அதை அப்படியே மூணு வட்டிக்காரர்கிட்ட கொடுத்து நோட்டை வாங்கிடுங்க. வருஷம் 36,000 போற இடத்துல 9,500 போகும். அப்புறம் மொத்தம் 2,80,000-க்கு வட்டி மாசம் 2,200 அளவுல வரும். அதை மாசாமாசம் கட்டிடுங்க, வருஷக் கடைசியில மூச்சு முட்டாது.

கிளைக்கு இப்பவே போய் "வட்டி மட்டும் கட்டிப் புதுப்பிக்கலாமா, அசலும் கட்டி மீட்டுத் திரும்ப வைக்கணுமா"ன்னு கேளுங்க. கடைசி நாள்ல போனா, காலையில பணம் போட்டு மீட்டு சாயங்காலமே திருப்பி வாங்குற ஒரு நாள் வட்டிக்காரங்ககிட்டதான் போய் நிக்கணும்.

கணக்குப்புள்ள (தர்மபுரி)

ஒத்துக்கிறேன், நகை வட்டியை நான் விட்டுட்டேன். ஆனா கூடுதல் நகைக்கடன்ல ஒரு பயம் இருக்கு. பணம் கணக்குல விழுந்த அன்னிக்கே கைக்கடன்காரர்கிட்ட போகணும். ஆடி, ஸ்கூல் ஃபீஸ்னு பத்தாயிரம் கரைஞ்சா கடன் ஏழாயிடும். அவர் ஊர்ல இருக்கிற நாள் பார்த்து பேங்குக்குப் போங்க.

தொப்பூர்_கணவாய்

பேப்பர் விஷயம் யாரும் சொல்லல. கைக்கடன்ல அசல் கொஞ்சம் கட்டினா, புரோநோட்டு பின்பக்கம் தேதி, தொகை போட்டு "அசலில் வரவு"ன்னு எழுத வைங்க. சும்மா "வரவு"ன்னு எழுதினா வட்டிக்கு எடுத்துக்கிட்டேன்னு சொல்லலாம். அந்தப் பக்கத்தை போன்ல படம் எடுங்க. முடிஞ்சவரை யுபிஐ, குறிப்புல "கடன் அசல்". முழுசா முடிச்ச அன்னிக்கு நோட்டு, கையெழுத்து மட்டும் போட்ட செக் இருந்தா அது, ரெண்டையும் கையில வாங்கிட்டுத்தான் கடைசி ரூபாயைக் கொடுக்கணும். "நோட்டு ஊர்ல இருக்கு, அப்புறம் தரேன்"னா பணமும் அப்புறம்தான்.

அசலை வாங்க மறுத்து வட்டியே போதும்னு இழுத்தாலோ மிரட்டினாலோ, தமிழ்நாட்டுல 2003-லிருந்து கந்துவட்டி தடைச் சட்டம் இருக்கு. மூணு வருஷம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். பணத்தைக் கோர்ட்டுல கட்டிட்டு மனு போடவும் அதுல வழி உண்டு. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு கொடுக்கலாம். இலவச சட்ட உதவிக்கு 15100.

குழுக்கடனை மட்டும் தவற விடாதீங்க. நீங்க கட்டலைன்னா மத்த பெண்கள் தலையில விழும், வீட்டம்மா ஊர்ல தலை நிமிர முடியாது. அது நுண்கடன் நிறுவனக் கடன்னா முன்கூட்டி முடிக்க அபராதம் வாங்கக் கூடாது, காலை 9-க்கு முன்னயும் சாயங்காலம் 6-க்கு அப்புறமும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது. ரெண்டும் ரிசர்வ் வங்கி விதி.

ஷிப்ட்_முடிஞ்சது (பாலக்கோடு)

ரொம்ப நன்றிங்க. தண்டலை முடிக்கிறதுல மிச்சமே இல்லைங்கிறது இப்பத்தான் புரியுது. ஒரு சந்தேகம்: சம்பளம் 7-ம் தேதி, பைக் தவணை 5-ம் தேதி எடுக்கிறாங்க. ரெண்டு தடவை பவுன்ஸ் ஆயிடுச்சு.

மாங்கொட்டை (கிருஷ்ணகிரி)

பவுன்ஸுக்கு ரெண்டு பக்கம் பிடிப்பாங்க, உங்க பேங்க் ஒரு கட்டணம், பைக் கம்பெனி ஒரு கட்டணம். பேங்க் கட்டணத்துக்கு ஜிஎஸ்டியும் உண்டு. கணக்குல பணம் இல்லாட்டி அந்தக் கட்டணம் மைனஸ்ல நின்னு, சம்பளம் விழுந்ததும் பிடிக்கும். அதனால அடுத்த மாசமும் குறையும். சிபில்லயும், அதாவது உங்க கடன் பதிவுலயும், ஏறும். கம்பெனிக்குப் போய் தேதியை 10-க்கு மாத்தச் சொல்லி எழுதிக் கொடுங்க, புது மேண்டேட் (கணக்குல இருந்து தவணையைப் பிடிக்கிற அனுமதி) கையெழுத்து கேப்பாங்க. அது ஆகிற வரைக்கும் பால் பணத்துல 3,200-ஐ 4-ம் தேதி சாயங்காலமே கணக்குல போட்டு வைங்க. பிடிப்பு பெரும்பாலும் காலையிலயே வந்துடும், அன்னிக்குப் போடலாம்னு இருக்காதீங்க.