ஒரே கட்சி உறுப்பினர்களின் வாக்குகளை ஒப்பிடுவதற்குச் சரியான முறை எது?

கேள்வி:
பிரிட்டனின் காமன்ஸ் சபையில் யார் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்ற பதிவு எல்லோருக்கும் கிடைப்பதால், ஒரே கட்சியைச் சேர்ந்த இரு உறுப்பினர்களை எடுத்துக்கொண்டு, அவர்கள் எத்தனை வாக்கெடுப்புகளில் ஒத்துப்போனார்கள் என்று கணக்கிட்டேன். விடை நூறு விழுக்காட்டை ஒட்டியே வந்தது. வேறு இருவரை எடுத்தபோதும் அப்படியே. பொதுவெளியில் எதிரெதிராகப் பேசுகிறவர்கள் வாக்குப் பதிவில் இரட்டையர்போலத் தெரிவது என் கணக்கின் பிழையா?

பதில் 1:
கணக்கில் பிழையில்லை, எடுத்துக்கொண்ட வாக்கெடுப்புகள்தாம் பொருந்தவில்லை. கொறடா உத்தரவு (இந்தப் பக்கம்தான் வாக்களிக்க வேண்டும் என்ற கட்சியின் கட்டளை) இருக்கும் நாள்களில் கட்சியே ஒரு பக்கமாக நிற்பதால், எந்த இருவரை எடுத்தாலும் ஒற்றுமைதான் தெரியும். முதலில் ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் அந்தக் கட்சி எவ்வளவு பிளவுபட்டது என்று பாருங்கள். புள்ளியியலாளர் ஸ்டூவர்ட் ரைஸ் வகுத்த குறியீடு இதற்கு எளிது: ஆதரவு வாக்குக்கும் எதிர்ப்பு வாக்குக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், முழு ஒற்றுமைக்கு 1 வரும், சரிபாதிப் பிளவுக்கு 0 வரும். 15.1.2019 அன்று அப்போதைய பிரதமர் தெரசா மேயின் பிரெக்ஸிட் ஒப்பந்தம் 202-க்கு 432 என்று தோற்றபோது, அவருடைய கன்சர்வேடிவ் கட்சியினரில் 196 பேர் ஆதரித்தனர், 118 பேர் எதிர்த்தனர். குறியீடு ஏறத்தாழ 0.25. நீங்கள் ஒப்பிடும் இருவரும் அன்று எங்கே நின்றார்கள் என்பது, எதிர்ப்பே இல்லாத நூறு வாக்கெடுப்புகளைவிட அதிகம் சொல்லும்.

பதில் 2:
மேலே உள்ளதை ஏற்கிறேன். ஆனால் வாக்களிக்காதவரை என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். காமன்ஸ் சபையில் 'நடுநிலை' என்று பதிவுசெய்ய முறையான வழி இல்லை; வராதவர் வெளிநாட்டுப் பயணத்தில் இருந்திருக்கலாம், எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவருடன் பேசிவைத்து இருவருமே விலகியிருக்கலாம், மனம் ஒப்பாமல் ஒதுங்கியும் இருந்திருக்கலாம். வாக்குகளை எண்ணும் பொறுப்பேற்கும் உறுப்பினர்களும் மொத்தத்தில் சேர மாட்டார்கள். இன்னொன்று: ஒரே பிரச்சினை பல வாக்கெடுப்புகளாக வரும். 18.3.2003 அன்று ஈராக் போர் குறித்து, அதற்கான நியாயம் இன்னும் நிறுவப்படவில்லை என்ற திருத்தத்தை அப்போது ஆண்ட லேபர் கட்சியின் 139 பேர் ஆதரித்தனர். போரை ஆதரித்து அரசு கொண்டுவந்த முதன்மைத் தீர்மானத்தை அன்றே எதிர்த்தவர்கள் அக்கட்சியில் 84 பேர்தான். எதை எண்ணுகிறீர்களோ அதற்கேற்ப ஒரே உறுப்பினர் கலகக்காரராகவும் தெரிவார், விசுவாசியாகவும் தெரிவார். என்னைக் கேட்டால் இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருப்பேன்.

பதில் 3:
இதே முறையை இந்திய நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவர எண்ணினால் ஒரு தடை இருக்கிறது. 1985-இல் அரசியலமைப்பின் 52-ஆவது திருத்தத்தால் வந்த பத்தாவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடைச் சட்டம்), கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோ, கட்சி 15 நாள்களுக்குள் மன்னிக்காவிட்டால், பதவியே போகக்கூடும். போதாக்குறைக்குப் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறுவதால் பெயர்வாரிப் பதிவும் குறைவு. அங்கே வாக்குகள் ஒன்றாயிருப்பதை வைத்துக் கருத்தும் ஒன்றே என்று சொல்ல முடியாது. விவாதங்களில் பேசியவற்றையும் கேட்ட கேள்விகளையும் ஒப்பிடுவதுதான் ஓரளவு பயன் தரும்.

கேட்டவர்:
நன்றி. பிளவுபட்ட வாக்கெடுப்புகளை மட்டும் பிரித்தெடுத்து, திருத்தங்களைத் தனியாக வைக்கிறேன். கொறடா உத்தரவே இல்லாத வாக்கெடுப்புகளையும் இவற்றோடு சேர்க்கலாமா?

பதில் 1:
சேர்க்காதீர்கள், அவற்றுக்குத் தனிப் பட்டியல் வேண்டும். 29.11.2024 அன்று, உயிர் துறக்க மருத்துவ உதவி பெறுவது பற்றிய மசோதா 275-க்கு எதிராக 330 வாக்குகளால் அடுத்த கட்டத்துக்குச் சென்றபோது, பிரதமர் ஸ்டார்மர் ஆதரித்தார், அவருடைய நலவாழ்வுத் துறை அமைச்சர் ஸ்ட்ரீட்டிங் எதிர்த்தார். உத்தரவை மீறி வாக்களிப்பவர் கட்சியில் தம் எதிர்காலத்தையே பணயம் வைக்கிறார். இந்த இருவருக்கும் அந்த நெருக்கடி இல்லை. இரண்டையும் ஒரே கூட்டலில் போட்டால் விழுக்காடு மட்டுமே மாறும்.