பாடக்குறிப்பின் கடைசிப் பத்தி

தாய்லாந்தின் வடகிழக்கே, உபோன் ராச்சத்தானி மாகாணத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கணிதம் கற்பித்தேன். அது 'பௌத்த வழிப் பள்ளி'களில் ஒன்று. சீலம் (ஒழுக்கம்), சமாதி (மன ஒருமை), பஞ்ஞை (மெய்யறிவு) என்ற மூன்று பயிற்சிகளைப் பள்ளி வாழ்க்கையோடு இணைப்பதற்காகக் கல்வி அமைச்சகம் 2003-இல் தொடங்கிய திட்டம் அது. காலைக் கொடியேற்றம் முடிந்ததும் வழிபாடு, சிறிது நேரம் தியானம், நோன்பு நாள்களில் ஆசிரியர்களுக்கு வெள்ளை உடை. பார்வையாளர்கள் இவற்றையெல்லாம் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். பௌத்தத்தை நான் கண்கூடாகக் கண்டதோ பள்ளியின் கல்விப் பிரிவு அலுவலகத்தில்.

அந்த அலுவலகத்தை நடத்தியவர் பள்ளியின் துணை இயக்குநர் அம்மையார். சுவரில் இத்திபாதம் எனப்படும், செயல் வெற்றிக்குப் பௌத்தம் சொல்லும் அடிப்படைகள் நான்கும் எழுதப்பட்டிருந்தன: செய்யும் வேலையில் விருப்பம், விடாமுயற்சி, மனம் ஊன்றுதல், ஆராய்ந்து பார்த்தல். பல பள்ளிகளில் இவை பலகையோடு நின்றுவிடுகின்றன. இவர் நான்காவதை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டார்.

அங்கே ஒவ்வொரு பாடக்குறிப்பின் முடிவிலும் 'கற்பித்த பின் பதிவு' என்று ஒரு பத்தி உண்டு. என்ன பலன், என்ன சிக்கல், என்ன தீர்வு என்று எழுத வேண்டும். "மாணவர்கள் நன்கு புரிந்துகொண்டார்கள்" என்று ஒரே வரியை வாரந்தோறும் எழுதிக் கையெழுத்திடுவது வழக்கம். அவர் அந்தப் பத்தியைத்தான் முதலில் படிப்பார். குறை எண்கள் வந்தால் பாதி வகுப்பு நின்றுவிடுகிறது என்று நான் எழுதிய வாரம், கீழ்வகுப்புக் கணித ஆசிரியரையும் என்னையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார். யார் தவறு என்ற பேச்சே எழவில்லை. எந்த இடத்தில் பிடி நழுவுகிறது என்பதை மட்டும் தேடினோம். அடுத்த பருவத்தில் அந்தப் பகுதிக்குக் கூடுதல் நேரம் கிடைத்தது.

வகுப்பு மேற்பார்வையைக் கல்யாணமித்திர முறையில், அதாவது நல்ல நண்பராக நின்று செய்ய வேண்டும் என்பது தாய்க் கல்வியாளர்கள் வலியுறுத்தும் கருத்து. நல்ல நட்பு துறவு வாழ்வின் பாதி என்று சீடர் ஆனந்தர் சொன்னபோது, பாதியல்ல, முழுமையுமே அதுதான் என்று புத்தர் திருத்தியதாகப் பௌத்த நூல் சொல்கிறது. நடைமுறையில் இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பிறர் மனம் நோகக் கூடாது என்ற எண்ணம் அங்கே மிக வலுவானது. நண்பராக நிற்பது குறையே சொல்லாமல் புன்னகைப்பதாகச் சுருங்கிவிடும். அம்மையார் முதலில் தன் வகுப்பை இளைய ஆசிரியர்களுக்குத் திறந்துவிட்டார். அவர்கள் தயங்கித் தயங்கிச் சொன்ன குறைகளை எல்லோர் முன்னாலும் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வகுப்புகளில் வந்து அமர்ந்தபோது யாருக்கும் வயிறு கலங்கவில்லை.

அவருடைய உபேட்சையை, அதாவது விருப்பு வெறுப்பற்ற நடுநிலையை, கண்டது வருகைப் பதிவு விஷயத்தில். பாட நேரத்தில் 80 சதவீதமாவது வகுப்புக்கு வராத மாணவர் பருவத் தேர்வு எழுத முடியாது. 60 சதவீதத்துக்குக் குறையாமல் வந்தவருக்குக் கூடுதல் வகுப்பு நடத்தி அனுமதி தரலாம். அதற்கும் கீழே போனால் அந்தப் பாடத்தை மீண்டும் படிக்க வேண்டும். நவம்பரில் நெல் அறுவடை. வயலுக்குப் போகும் பிள்ளைகள் வருகை குறைந்தவர்களின் பட்டியலில் சிக்கிவிடுவார்கள். இரக்கப்பட்டு வருகையைத் திருத்திவிடலாம் என்று சில ஆசிரியர்கள் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டு, சனிக்கிழமைகளில் வகுப்பு வைத்தார். ஊர்ப் பெரியவர் ஒருவரின் மகனும் பட்டியலில் இருந்தான். சிபாரிசு வந்தது. அவனும் மற்றவர்களோடு வந்துதான் உட்கார்ந்தான்.

எனக்கு ஒன்றில் மட்டும் உடன்பாடு இல்லை. அந்தச் சனிக்கிழமைகளுக்கு எங்களுக்கு ஊதியமும் இல்லை, மாற்று விடுப்பும் இல்லை. மாணவர் மீது காட்டும் கருணையை ஆசிரியரின் ஓய்விலிருந்து எடுத்துக் கொடுப்பது முறையல்ல என்று அவரிடமே சொன்னேன். உடனே பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டார். அடுத்த கல்வியாண்டின் கால அட்டவணையில், தவறவிட்ட பாடங்களுக்கென்று வாரத்தில் இரண்டு நாள் கடைசிப் பாடவேளை ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த நேரம் எங்கள் பணி நேரக் கணக்கிலும் சேர்ந்தது.