அருங்காட்சியகப் பட்டியலை இணையத் தாக்குதலிலிருந்து காப்பது எப்படி?

கேள்வி:
எங்கள் சிறிய அருங்காட்சியகத்தின் பொருட்பட்டியல் முழுவதும் வெளி நிறுவனம் ஒன்றின் சர்வரில் இருக்கிறது. அது முடங்கினால், எந்தச் சிலை எந்த அறையில் உள்ளது என்பதைக்கூட அறிய இயலாது. முன்னேற்பாடாக என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
உங்கள் அச்சம் நியாயமானது. 2023 டிசம்பர் இறுதியில் அருங்காட்சியகங்களுக்குப் பட்டியல் மென்பொருள் வழங்கும் கேலரி சிஸ்டம்ஸ் நிறுவனம் தாக்கப்பட்டபோது, அதை நம்பியிருந்த பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் உள்ளிட்டவற்றின் இணையத் தொகுப்புகள் பார்வைக்குக் கிடைக்காமல் போயின. அதே மென்பொருளைப் பயன்படுத்தினாலும் தரவுத்தளத்தைத் தன்னிடமே வைத்திருந்த நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தப்பியது.

மறுமொழி 2:
தன்னிடம் வைத்திருப்பது மட்டும் போதாது என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தைத் தாக்கிய ரைசிடா என்ற, கணினிகளை முடக்கிப் பணம் பறிக்கும் கும்பல், கேட்ட பணம் மறுக்கப்பட்டதும் ஏறத்தாழ 600 ஜிபி தரவுகளை வெளியிட்டது. மின்வடிவத் தொகுப்புகளின் பாதுகாப்பான பிரதிகள் நூலகத்திடம் இருந்தும், சர்வர்கள் சிலவற்றைத் தாக்கியவர்கள் அழித்துவிட்டதாலும் பழைய மென்பொருள்கள் பல மீண்டும் இயங்காததாலும், மீட்புப் பணி மாதக்கணக்கில் நீண்டது. கடவுச்சொல்லுடன் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குங்கள். அந்நூலகத்தில் அந்தச் சரிபார்ப்பு இல்லாத தொலைநுழைவு சர்வர் (வெளியிலிருந்து உள்நுழைய உதவுவது) வழியாகவே தாக்குதல் தொடங்கியிருக்கக்கூடும் எனக் கருதப்படுகிறது.

மறுமொழி 3:
வாரந்தோறும் பட்டியலைத் தரவிறக்கி, இணைய இணைப்பில்லாத வட்டில் சேமியுங்கள். இருப்பிட விவரங்களை மட்டுமாவது தாளில் அச்சிட்டுப் பூட்டி வையுங்கள், ஏனெனில் அவை திருடர்களுக்கும் பயன்படும்.