பைக் டாக்ஸில பின்னாடி உக்கார்ற நம்ம உயிருக்கு யாரு பொறுப்பு?

துரைப்பாக்கம்வாசி:
சென்னை ஓ.எம்.ஆர் ரோட்டுல தினமும் பாக்குறதுதான், இன்னைக்கு நானே மாட்டிக்கிட்டேன். பெருங்குடில பைக் டாக்ஸி ஏறுனேன், யு டர்ன் ரொம்ப தள்ளி இருக்குன்னு ஆளு ராங் சைடுல வண்டிய விட்டுட்டாரு, எதிர்ல தண்ணி லாரி, இந்தப் பக்கம் மெட்ரோ வேலைக்கு வெச்ச தடுப்பு, ஒதுங்க இடமே இல்ல. நான் பின்னாடி கத்துறேன், அவரு ஹேண்டில்ல மாட்டுன போன்ல அடுத்த ஆர்டர அக்செப்ட் பண்ணிட்டு இருக்காரு. எனக்குக் குடுத்த ஹெல்மெட்ல ஸ்ட்ராப்பே கிடையாது, தலையில சட்டி கவுத்த மாதிரி ஆடுது. பெங்களூர்ல 2025 ஜூன்ல நிறுத்துனாங்கல்ல, இங்கயும் மொத்தமா தடை பண்ணணும்.

மஞ்சபோர்டு அண்ணன்:
கரெக்டா சொன்னம்மா. நான் ஆட்டோ ஓட்டுறவன், வயித்தெரிச்சல்ல பேசுறேன்னு சொல்றவங்க சொல்லிக்கட்டும். எங்களுக்கு பர்மிட் வேணும், எஃப்.சி (வண்டி தகுதிச் சான்று) வேணும், அதுக்குத் தனி இன்சூரன்ஸ் வேணும், இவங்க வீட்டு பைக்க, சொந்த வண்டிக்குக் குடுக்குற ஒயிட் போர்டு நம்பர் பிளேட்டோட எடுத்துட்டு வந்து காசுக்கு ஆள் ஏத்துறாங்க. 2019லயே போலீஸ் பைக் டாக்ஸிகளப் புடிச்சாங்க, கோர்ட்டுக்குப் போச்சு, 2024 டிசம்பர்ல போக்குவரத்து அமைச்சர் நடவடிக்கைன்னு சொன்னாரு, அப்புறம் தடையெல்லாம் இல்லன்னுட்டாங்க. பழையபடி ஓடுது.

நைட்ஷிஃப்ட் அக்கா:
தடை தடைன்னு ஈசியா சொல்றீங்க. ஆட்டோ மீட்டர் ரேட் 2013ல போட்டது, 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபா, அது இன்னைக்குக் கட்டாதுங்கறது எனக்கும் புரியுது அண்ணா, அதுக்காக ராத்திரி ஸ்டேஷன் வாசல்ல நிக்கிற பொம்பளகிட்ட வாய்க்கு வந்த ரேட் கேக்குறது எந்த ஊரு நியாயம்? என் சம்பளத்துக்கு பைக் டாக்ஸிதான் கட்டும். வண்டி நம்பர் தெரியுது, வீட்டுக்கு லைவ் லொகேஷன் அனுப்ப முடியுது. ஓட்டுறவன ஒழுங்கா ஓட்ட வைங்க, வண்டியவே நிறுத்தாதீங்க.

பார்ட்டைம் ரைடர்:
நானும் ஓட்டுறேன், காலைல காலேஜ், சாயங்காலம் இது. ராங் சைடு தப்புதான், அதுல பேச்சே இல்ல. ஆனா எங்க நிலைமையும் கேளுங்க, பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல, சிக்னல்ல நிக்கிற நேரத்துக்கு யாரும் காசு தர்றதில்ல, இத்தன மணிக்குள்ள இத்தன டிரிப் முடிச்சாதான் இன்சென்டிவ், ஒண்ணு கொறஞ்சாலும் மொத்தமும் போச்சு. இறக்கிவிடறதுக்கு முன்னாடியே அடுத்த ஆர்டர் கத்துது, அதத் தொட ரோட்டுலருந்து கண்ண எடுத்துதான் ஆகணும். ஏறுறவங்களும் "தம்பி ட்ரெயினுக்கு லேட்டு, கொஞ்சம் வேகமா"ம்பாங்க, ஹெல்மெட் குடுத்தா முடி கலையும், நாத்தம் அடிக்குதுன்னு மடியில வெச்சுப்பாங்க. போலீஸ் புடிச்சா 1000 ரூபா ஃபைன் என் வண்டி மேலதான் விழுது.

துரைப்பாக்கம்வாசி:
தம்பி, ட்ரெயின் போனா அடுத்த ட்ரெயின் வரும். இன்சென்டிவ்க்காக எதிர்ல லாரி வர்ற பக்கமா போறத எப்படி ஏத்துக்க முடியும்? 2022ல நாடு முழுக்க ரோட்டுல செத்தவங்க 1.68 லட்சம் பேரு, அதுல நூத்துக்கு நாப்பத்துநாலு பேரு டூ வீலர்ல போனவங்க.

கிளெய்ம் டெஸ்க்:
இன்சூரன்ஸ்லதான் வேலை பாக்குறேன், ஒரு விஷயம் சொல்றேன். ஒயிட் போர்டு வண்டி பாலிசில கூலிக்கோ வாடகைக்கோ ஓட்டக்கூடாதுன்னு நிபந்தனை இருக்கு. காசு வாங்கி ஆள் ஏத்துனப்போ அடிபட்டா கம்பெனி அதக் காட்டி மறுக்கலாம், வண்டி மோதி அடிபட்டவருக்கு கோர்ட் சொல்லிக் கட்டுனாக்கூட அத வண்டி ஓனர்கிட்டயே திரும்ப வசூல் பண்ணலாம். சில ஆப்ல டிரிப்புக்கு விபத்துக் காப்பீடு இருக்கு, ஆனா "ஆர்டர கேன்சல் பண்ணிட்டு கேஷா குடுங்க"ன்னு ரைடர் கேட்டு நீங்க சரின்னதுமே அதுவும் போச்சு, அந்த டிரிப்பே கணக்குல இல்ல. தயவுசெஞ்சு அதுக்கு மட்டும் ஒத்துக்காதீங்க. ரோட்டு விபத்துல அடிபட்டவங்களுக்காக தமிழக அரசு 2021ல கொண்டு வந்த இன்னுயிர் காப்போம் திட்டத்துல முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம், சரி, அதுக்கப்புறம் ஆறு மாசம் படுக்கையில கெடந்தா வீட்டுச் செலவுக்கு யாரு?

பார்ட்டைம் ரைடர்:
இது சத்தியமா எனக்குத் தெரியாது சார், சேரும்போது லைசன்ஸ், ஆர்.சி, இன்சூரன்ஸ் போட்டோ கேட்டாங்க, அவ்ளோதான்.

மஞ்சபோர்டு அண்ணன்:
இதத்தான் தம்பி நாங்க ஆரம்பத்துலருந்து கத்துறோம். உன்மேல கோவமில்ல, வாடகை வண்டிக்கான மஞ்ச போர்டுக்கு மாத்திட்டு வா, எங்களோட நில்லு.

பார்ட்டைம் ரைடர்:
பைக்குக்கு அத முறையா, கட்டுற செலவுல குடுத்தா மாத்துறேன் அண்ணா. 2025 ஜூலைல சென்ட்ரல் விதியில ஒயிட் போர்டு பைக்கையே டாக்ஸியா விடலாம்னாங்க, அதுவும் மாநிலம் சரின்னு சொன்னாத்தான்.

நைட்ஷிஃப்ட் அக்கா:
போர்டு மஞ்சளானா ராங் சைடு நின்னுடுமா? மஞ்ச போர்டு ஆட்டோவும்தான் ராங் சைடுல வருது. என்னைக் கேட்டா முதல்ல புடிக்க வேண்டியது ஆப் கம்பெனிய. வண்டி எந்தப் பக்கமா போகுது, என்ன வேகம்னு ஜி.பி.எஸ்ல அவங்களுக்கு வந்துட்டே இருக்கு. ரைடர் தொடர்ந்து ஆர்டர கேன்சல் பண்ணா உடனே கண்டுபுடிச்சு ஐடிய நிறுத்துறாங்கல்ல, ஆள ஏத்திட்டு எம்பதுல போறவன மட்டும் ஏன் நிறுத்தல? வண்டி ஓடுறப்போ அடுத்த ஆர்டர் ஸ்கிரீன்ல வரவே கூடாது, நின்னப்புறம் வரட்டும், இதுக்கு ஒரு சாஃப்ட்வேர் மாத்தம் போதும்.

துரைப்பாக்கம்வாசி:
அது ஒத்துக்குறேன் அக்கா. ஆனா கம்பெனி தானா செய்யாது, அரசு லைசன்ஸ் குடுக்கும்போதே இத நிபந்தனையா போடணும், போடுற வரைக்கும் நான் ஏறமாட்டேன், தடை கேக்குறதையும் விடமாட்டேன்.