கன்னத்துச் செந்தடிப்பு, "லூபஸாக இருக்கலாம்" என்ற குறிப்பு: எந்தக் குறியீடு?

கேட்பவர், வெள்ளவத்தை:
வணக்கம். அமெரிக்க வெளிநோயாளர் குறிப்புகளுக்கு ஐசிடி-10-சிஎம் (நோய்களுக்கும் அறிகுறிகளுக்குமான குறியீட்டுப் பட்டியலின் அமெரிக்க வடிவம்) குறியீடு இடும் வேலையில் சேர்ந்து நான்கு மாதமாகிறது. முன்பு கொழும்பில் ஒரு வைத்தியசாலையின் பதிவேட்டுப் பிரிவில், உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 உடன் பழகியவள். நேற்றிரவு வந்த குறிப்பின் சாரம் இதுதான்: "இரு கன்னங்களிலும் இரண்டு வாரமாகச் செந்தடிப்பு, வெயிலில் கூடுகிறது, சிஸ்டமிக் லூபஸாக இருக்கலாம், ஏஎன்ஏ இரத்தப் பரிசோதனைக்கு எழுதப்பட்டுள்ளது." நான் எம்32.9, அதாவது சிஸ்டமிக் லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் நோய்) என்ற குறியீட்டை இட்டேன். தர ஆய்வாளர் காரணம் எதுவும் எழுதாமல் பிழை என்று திருப்பிவிட்டார். சந்தேகத்தோடு முடிந்த குறிப்பை உறுதியான நோயாகவே குறியிட வேண்டும் என்றுதான் எனக்குக் கற்பித்தார்கள். எங்கே தவறினேன்?

பதில், மூத்த குறியீட்டாளர்:
உங்களுக்குக் கற்பித்தவர் பிழையாகச் சொல்லவில்லை. சிகிச்சை முடிந்த பின்னும் முதன்மை நோய் சந்தேகமாகவே எழுதப்பட்டு, வேறு விளக்கமும் இல்லையெனில், அதை உறுதியானதாகக் கொள்வது உலகச் சுகாதார நிறுவனத்தின் விதி. அமெரிக்க வழிகாட்டியில், வைத்தியசாலை விடுதியில் தங்கி வெளியேறும் நோயாளிக்கு ஏறக்குறைய அதே விதி உண்டு, வெளிநோயாளருக்கு இல்லை. "இருக்கலாம்", "சந்தேகம்" என்ற சொற்கள் அங்கே நோயாகா. அன்று உறுதியாகத் தெரிந்த அறிகுறியையே குறியிட வேண்டும். ஆகவே ஆர்21, அதாவது காரணம் குறிப்பிடப்படாத தோல் தடிப்பு. காரணத்தை ஒரு வரியில் எழுதாத ஆய்வாளர் மீதுதான் எனக்குக் கோபம்.

பதில், தோல் சிகிச்சைப் பிரிவில் பணிபுரிபவர்:
ஆர்21 சரிதான், ஆனாலும் குறிப்பு மெலிந்திருக்கிறது. மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பைத் தடிப்பு விட்டுவைத்திருக்கிறதா என்று எழுதப்படவில்லை. லூபஸ் பெரும்பாலும் அந்த மடிப்பை விட்டுவிடும். செபோரிக் தோல் அழற்சியோ அங்கேயே செதிலோடு படியும், அதற்கு எல்21.9. பருக்களும் இரத்த நுண்குழாய்களும் தெரிந்தால் ரோசேசியா, எல்71 வரிசை. முகக் கிறீம் பூசிய பின் வந்ததெனில், ஒவ்வாமையா (எல்23.2) எரிச்சலா (எல்24.3) என்று பிரித்து எழுதினால்தான் உரிய குறியீடு கிடைக்கும். இங்கே வெள்ளையாக்கும் கிறீமை நோயாளிகள் தாமாகச் சொல்வதேயில்லை, கேட்டால்தான் வரும். இவற்றை வைத்து நீங்கள் நோயைத் தீர்மானிக்கக் கூடாது. எழுத வேண்டியவர் வைத்தியர்.

கேட்பவர்:
மிக்க நன்றி. அப்படியானால் "இது லூபஸ்தானா?" என்று வைத்தியருக்குக் கேள்வி அனுப்பலாமா? ஏஎன்ஏ நேர்மறையாக வந்தால் எம்32.9 இடலாமா?

பதில், மூத்த குறியீட்டாளர்:
இரண்டும் கூடாது. அந்தக் கேள்வி பதிலைக் கையில் கொடுத்துவிடுகிறது. "தடிப்பின் இடம், தன்மை, இன்றைய உங்கள் மதிப்பீடு ஆகியவற்றைத் தெளிவுபடுத்தவும்" என்று திறந்தபடி கேளுங்கள். ஏஎன்ஏ நலமாக உள்ளவர்களிடமும் நேர்மறையாக வரும். ஆய்வுகூட முடிவை வைத்து நாம் நோயைக் குறியிட முடியாது. இன்னொன்று: பின்னர் வைத்தியர் "லூபஸ் எரிதிமடோசஸ்" என்று மட்டும் எழுதினால் அது தோலோடு நிற்கும் லூபஸுக்கான எல்93.0 இல்தான் போய் விழும். எம்32 வேண்டுமெனில் "சிஸ்டமிக்" என்பது போன்ற தெளிவான சொல் அவர் கையெழுத்திட்ட குறிப்பிலேயே இருக்க வேண்டும்.

கேட்பவர்:
ஆர்21 ஆக மாற்றி அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். வைத்தியருக்கும் திறந்தபடியே எழுதியிருக்கிறேன்.